மூக்கண்ணன் ஒன்றும் சொல்லவில்லை

பழைய வண்டி விற்கிறவன் எவனும் முழு உண்மை பேசமாட்டான் என்பதை மூக்கண்ணன் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. அவன் பொய் சொன்னால்தானே நமக்குப் பிழைப்பு என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது வங்கிக்காரர்களுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் நினைவிருந்தது. மற்றவர்களுக்கு அவர் மூக்கண்ணன்தான். பழைய எஸ்.யூ.வி. வாங்கப் போகிறவர்கள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் கதவைத் திறப்பார், தலையை உள்ளே நீட்டுவார், கண்ணை மூடி ஒரே மூச்சு இழுப்பார். "வெள்ளத்துல நின்ன வண்டி" என்பார். இல்லையென்றால், "கிளட்ச் கருகியிருக்கு." விற்கிறவன் முகம் சுண்டிப்போகும். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது சொன்னபடி இருக்கும்.

ஆள் கொஞ்சம் பந்தாப் பேர்வழி. மூச்சை இழுத்ததும் உடனே சொல்லிவிட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார், விற்கிறவனையும் வாங்குகிறவனையும் நன்றாகத் தவிக்கவிட்டு அப்புறம்தான் வாயைத் திறப்பார். ஆனால் வாயைத் திறந்துவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

அந்த மூக்கு மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

முதலில் கண்டுபிடித்தது மனைவி. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கரியாகும்வரை மனிதர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து ஓடிவந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு அவரையே பார்த்தாள். ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "கண்ணை மூடிக்கிட்டு இது என்னன்னு சொல்லுங்க" என்றாள். அவர் இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். "சர்க்கரை" என்றார் ஒரு குருட்டாம்போக்கில். டப்பாவில் இருந்தது காப்பித்தூள்.

டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று மூக்கண்ணன் எரிந்து விழுந்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "கொஞ்ச நாளைக்கு ஒர்க்‌ஷாப் வேலை ஏதாவது பாருங்க."

"மூக்கு போன மூக்கண்ணனை எவன் கூப்பிடுவான்? நானே என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா?"

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் இருக்கிறது, காது இருக்கிறது, கை இருக்கிறது, இத்தனை வருட அனுபவம் இருக்கிறது, அதுவே தாராளம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பழக்கத்தை மட்டும் விடவில்லை. கதவைத் திறந்து தலையை நீட்டி மூச்சு இழுப்பார், கண்ணாடியைத் துடைப்பார், தண்ணீர் குடிப்பார். நாடகம்தான். ஆனால் அதைப் பார்க்கத்தானே கூப்பிடுகிறார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் அவருடைய தங்கை வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழுந்தது. தங்கையின் மாமியாருக்கு முழங்கால் இரண்டும் மடங்குவதில்லை. தாழ்வான காரில் ஏறி இறங்குவதற்குள் அந்த அம்மாள் உயிர் போய் உயிர் வரும். உயரமான சீட்டும் மூன்று வரிசையும் உள்ள வண்டி என்றால் சௌகரியம். அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்த மாப்பிள்ளை, ஒரு புரோக்கரின் கொட்டகையில் வெள்ளை நிறப் பெட்ரோல் வண்டி ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார். "மச்சான் வந்து ஒரு மூச்சு இழுத்துட்டார்னா அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்ல மூக்கண்ணனுக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுத்துவிட்டுக் கூடப்பிறந்தவளுக்கு மட்டும் எப்படிச் சாக்குச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் போனார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டறை. கிரைண்டர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. மூக்கண்ணன் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்த வண்டி இல்லை, நல்லது. பக்கத் தகடுகளின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இல்லை, அடிபட்டு மாற்றியதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடியில் சேற்றுக் கோடு நிற்கும். இதில் இல்லை. முன்பக்கத் தரை விரிப்பைத் தூக்கினார், காய்ந்திருந்தது. ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தை விரலால் வழித்தார். தயிர் மாதிரி வெள்ளைப் படிவம் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். விரலில் சுத்தமான ஆயில்தான் ஒட்டியது. பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருந்த அளவும் மீட்டர் காட்டிய கிலோமீட்டரும் ஒத்துப்போயின. டயர்கள் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன.

சாக்கை விரித்து அடியில் படுத்து டார்ச் அடித்தார். சேஸிஸில் வெல்டிங் இல்லை, அரித்துப்போன இடம் இல்லை. புகை போகிற சைலன்சர் குழாய் மட்டும் பளபளவென்று இருந்தது. யாரோ புதிதாக வெள்ளிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இதே இடத்தில் பழைய மூக்கண்ணன் இருந்திருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, குழாயோரமாக மூக்கைக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துச் சங்கதியைச் சொல்லியிருப்பார். இந்த மூக்கண்ணனும் எஞ்சினை ஓடவிட்டு மூக்கைக் கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. புகை கசிந்தால் புஸ்ஸென்று சத்தம் வருமே என்று காதைத் தீட்டினார். கிரைண்டர்தான் கேட்டது.

வெளியே வந்து துணியை உதறிக்கொண்டார். எல்லோரும் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கதவைத் திறந்து, தலையை நீட்டி, கண்ணை மூடி இழுத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்போதுதான் புரோக்கரின் முகத்தை அவர் தற்செயலாகப் பார்த்தார். அதுவரை இறுகிக் கிடந்த முகம் சட்டென்று தளர்ந்தது. சந்தோஷம்கூட இல்லை, ஆச்சரியம்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லையாண்ணே?" என்றான் புரோக்கர், வாய் தவறி.

"இருக்கணுமா?"

"சேச்சே. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

மூக்கண்ணன் வண்டியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். ஏதோ இருக்கிறது. அது வாசனையாகத்தான் இருக்கிறது. இந்தப் பயலுக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஏன் என்று மாப்பிள்ளை கேட்பாரே, என்ன சொல்வது? ஓட்டிப் பார்த்து எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம் என்று முடிவு கட்டினார். தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்று சாவியைக் கேட்டார்.

"நாங்களும் வர்றோம்ணே" என்றாள் தங்கை. "கடைசி சீட்டுல கால் நீட்ட இடம் இருக்கான்னு பாக்கணும். வீட்டுக்கு வந்தப்புறம் குத்தம் சொல்லக் கூடாதில்ல?"

மாமியாரை நடு வரிசையில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தார். தங்கை குனிந்து கடைசி வரிசைக்குப் போனாள். கூட வரச் சொன்னதற்கு, தனக்கு வேறு பார்ட்டி வருகிறார்கள் என்று புரோக்கர் நழுவிக்கொண்டான்.

வெளியே தூசி என்று மாப்பிள்ளை ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார். ஊரைத் தாண்டி மேட்டுச் சாலை வரை ஓட்டினார் மூக்கண்ணன். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துச் சுற்றினார். அச்சுமுனையில் கடகடப்பு இல்லை. சாலையில் ஸ்டியரிங்கை விட்டுப் பிரேக் அடித்தார். வண்டி நேராக நின்றது. கியர் வெண்ணெயாக விழுந்தது. எந்தக் குறையும் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போகப் போக அவருக்குப் பயம் கூடியது. தலையை வேறு வலித்தது. பயத்தில் வருகிற வலி என்று நினைத்துக்கொண்டார்.

ஏறும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த தங்கை இப்போது பேச்சை நிறுத்தியிருந்தாள். மாமியார் கண்ணயர்ந்துவிட்டார். மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"பின்னாடி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் மூக்கண்ணன்.

கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. "நல்லாருக்குண்ணே."

இறக்கத்தில் ஒரு வேகத்தடை. கவனிக்காமல் ஏற்றிவிட்டார். வண்டி தூக்கிப்போட்டது. முன்னாலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தங்கையின் தலை ஜன்னல் கண்ணாடியில் நங்கென்று மோதியது. அவள் நிமிரவில்லை. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாரா, அது தானாக நின்றதா என்பது பிறகு அவருக்கே நினைவில்லை. எல்லாக் கதவுகளையும் திறந்தார். சீட்டை மடக்கித் தங்கையை அக்குளில் கைகொடுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், கன்னத்தில் தட்டினார். சாலையோரம் உட்காரவைத்ததும் அவள் கண்ணைத் திறந்து குபுக்கென்று வாந்தி எடுத்தாள். மாமியாரை மாப்பிள்ளை தாங்கி இறக்கினார். காற்று பட்டதும் அந்த அம்மாள், "என்னப்பா, வந்தாச்சா?" என்று கேட்டார். எல்லோருக்கும் உயிர் இருந்தது. மூக்கண்ணனுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்ப் பின்பக்கம் பார்த்தார். தங்கை கால் வைத்திருந்த இடத்தில் விரிப்பைக் கிழித்தார். தரைத் தகட்டில் ஒரு ஓட்டை. அடைத்திருக்க வேண்டிய ரப்பர் மூடி இல்லை. நேர் கீழே, அந்த வெள்ளிப் பெயிண்ட் அடித்த குழாயில் மயிரிழை விரிசல் ஒன்று சூட்டில் வாயைப் பிளந்து, ஆளை மயக்கும் எஞ்சின் புகையை ஓட்டை வழியே உள்ளே கக்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு வாசனை ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஏறினதுலேருந்தே வந்துச்சுண்ணே. புகை நாத்தம்."

"எனக்கும் வந்துது" என்றார் மாப்பிள்ளை.

"எனக்குந்தான் தம்பி, தொண்டையெல்லாம் எரிஞ்சுது" என்றார் மாமியார்.

"அப்புறம் ஏன் யாருமே சொல்லல?"

தங்கை வாயைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க முன்னாடி உக்காந்திருக்கீங்க. நீங்களே ஒண்ணும் சொல்லலையே. பெட்ரோல் வண்டின்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

இதற்குமேல் மறைக்க அவருக்கு உடம்பில் தெம்பு இல்லை. "எனக்கு வாசனையே தெரியறதில்ல" என்றார். "அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு. மோந்து பாக்கிற மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்கேன்."

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. "எங்கம்மாவும் என் பொண்டாட்டியும் உள்ள இருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே மோந்து பாத்திருப்போமே மச்சான். எங்க யாருக்கும் மூக்கு இல்லையா?"

திட்டட்டும் என்று மூக்கண்ணன் நின்றார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

தங்கைதான் கேட்டாள், மெதுவாக. "அந்தக் காய்ச்சலுக்கப்புறம் வேற யாருக்கெல்லாம் பாத்துக் குடுத்தீங்கண்ணே?"

வெயிலில் நின்றபடி மூக்கண்ணன் விரல்விட்டு எண்ணினார். ஒரு வாத்தியார். ஒரு பாத்திரக்கடைக்காரர். போன வாரம் ஒரு போட்டோக்காரர், பெரிய குடும்பம், ஏழு பேர் ஏறுகிற வண்டி. அதுவும் இதே புரோக்கர் விற்றதுதான். அதன் அடியிலும் குழாய் பளபளவென்றுதான் இருந்தது. பளிச்சென்று இருக்கிறது, நல்லா வச்சிருக்கான் என்று அன்றைக்கு அவரே பாராட்டியிருந்தார்.

போனை எடுத்துப் போட்டோக்காரருக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

"அண்ணே, வணக்கம்" என்றார் போட்டோக்காரர் தணிந்த குரலில். "வண்டியிலதான் இருக்கோம், சொந்தக்காரங்க ஊருக்குப் போறோம். நீங்க பாத்துக் குடுத்த வண்டிண்ணே, தொட்டில் மாதிரி போகுது. பின்னாடி குழந்தைங்க, பொம்பளைங்க எல்லாரும் அசந்து தூங்கறாங்க. அதான் மெதுவாப் பேசறேன். சொல்லுங்க."

"கண்ணாடி ஏத்தியிருக்கா?"

"ஏசி போட்டிருக்குண்ணே."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க. இப்பவே. எல்லாக் கதவையும் தொறந்து எல்லாரையும் கீழே இறக்குங்க."

"என்னண்ணே ஆச்சு?"

"எனக்கு வாசனை தெரியறதில்ல. அந்த வண்டியை நான் சரியாப் பாக்கல. போனை வைக்காதீங்க, இறக்குங்க."

மறுமுனையில் எஞ்சின் சத்தம் நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெயர்களைச் சொல்லிப் போட்டோக்காரர் கூப்பிடுவது கேட்டது, இரண்டு முறை, மூன்று முறை, குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. மூக்கண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தங்கை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஊர் வந்துடுச்சா?" என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று.

"எத்தனை பேர் எந்திரிச்சுட்டாங்க?" என்று கேட்டார் மூக்கண்ணன். "எண்ணிச் சொல்லுங்க."