மதியம் வந்த மெசேஜ்

ஆஸ்டின் டவுனில் தையல் கடை வைத்திருந்தேன். ஒரு வீட்டை லீசுக்கு எடுக்கச் சேர்த்த பணம் முழுவதும் ஒரே ஷேரில் கிடந்தது. விலை அதன் கடைசி இருபது நாள் சராசரிக்குக் கீழே போனால் என் செல்போனுக்கு மெசேஜ் வரும்படி ஆன்லைனில் பதிந்திருந்தேன். வந்ததும் விற்றுவிடலாம் என்ற தைரியம்.

அன்று மதியம் ஒரு சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்கும்போது மெசேஜ் வந்தது. எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. மெசேஜைத் திரும்பப் பார்த்தேன். விலை இறங்கியதாக அதில் இருந்த நேரம் காலை பத்து இருபது.

ஷேர் புரோக்கர் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

"மெசேஜ் கரெக்ட்தாண்ணா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்ளோதான்" என்றாள் அங்கிருந்த பெண்.

கடைக்குத் திரும்பினேன். சட்டை தைக்கக் கொடுத்தவர் நின்றிருந்தார்.

"என்னப்பா, மதியம் ரெடின்னியே?"

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு சார்" என்றேன்.