தாளில் எழுதிய மான்சூன்

கோட்டையில் கொடி மாறி இங்கிலீஷ்காரர்கள் வந்த பிறகு, "மான்சூன், மான்சூன்" என்று அவர்கள் ஓயாமல் சொல்வதைக் கேட்கிறேன். ஏதோ தங்கள் சொந்தச் சரக்கு மாதிரி சொல்கிறார்கள். அதற்கு முன்பு ஒல்லாந்தர் இருந்தபோதும் ஏறக்குறைய இதே சொல்தான். நான் மட்டும் அதை வாயால் சொல்வதில்லை. கடிதத்தில் வந்தால் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்மேட்டில் எங்கள் குப்பம். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நைனா யார் யார் காலையோ பிடித்து, ஒல்லாந்தர் கோட்டையில் கடிதம் நகலெடுக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டார். அண்ணன் ஒரு சலங்குக்குத் தலைவர். கயிற்றால் தைத்த பெரிய படகு அது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு அலையைத் தாண்டிப் பொதி கொண்டுபோகும். கடலைப் பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் என் படிப்பின் மேல் அவருக்கு அப்படியொரு மரியாதை. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

ஒல்லாந்தர் காலத்து ஐப்பசி ஒன்றில் ஒருநாள் காலை அண்ணன் கோட்டை வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். நீரோட்டம் தெற்கே திரும்பிவிட்டது, வாடைக்காற்று கிளம்பப்போகிறது, படகை ஏரிக்குள் இழுத்துப் போட்டுவிடலாமென்று பார்க்கிறேன் என்றார். ஆனால் கப்பலுக்குப் போக வேண்டிய துணிப்பொதி பாதி கரையிலேயே கிடந்தது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர், கடைசியில் கேட்டார்.

"உன் தாள்ல இன்னா போட்டுருக்குது?"

முந்தின வாரம் நானே நகலெடுத்த கடிதம். மான்சூன் இன்ன நாளில் தொடங்கும், கப்பல்கள் அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று படித்தவன் தோரணையில் சொன்னேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

உச்சிவேளைக்குள் வடகிழக்கு கறுத்துவிட்டது. நான் கரைக்கு ஓடியபோது கப்பல் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு நடுக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனின் சலங்கு எங்கும் கண்ணில் படவில்லை. அண்ணி ஈரமணலில் நின்றிருந்தாள். போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தானே காலையில் வீட்டைவிட்டு வந்தார், அப்புறம் ஏன் போனார் என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

பொதிகளுக்குச் சொந்தக்காரரான மரக்காயர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதையாவது பேசிக்கொண்டிரு என்றார். என் வாயில் வந்தது அந்தச் சொல்தான். மான்சூன் என்று யார் வைத்த பேர் என்று கேட்டேன். அது எங்கள் பாட்டன்மார் சொல் என்றார் அவர். அரபியில் மவ்சிம் என்றால் குறித்த காலம். சந்தை கூட, ஹஜ்ஜுக்குக் கிளம்ப, கப்பல் விட என்று மனிதர்கள் குறித்துவைத்துக்கொள்வது. அதைப் போர்த்துகீசியப் பறங்கி எடுத்துக்கொண்டான், அவனிடமிருந்து ஒல்லாந்தனும் இங்கிலீஷ்காரனும் எடுத்துக்கொண்டார்கள். பல வாய் மாறியதில் காற்றுக்கே அது பேராகிவிட்டது என்றார்.

அப்படியானால் அது காற்றின் பேரே இல்லை. மனிதன் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட கெடு. அந்தக் கெடுவை நம்பி அண்ணனைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறேன். கத்தி அழ வேண்டும்போல் இருந்தது. அண்ணி பக்கத்தில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். எழும்புகிற ஒவ்வோர் அலையும் படகாகத் தெரிந்தது, பிறகு இல்லையென்று ஆனது. எத்தனை முறை அப்படி ஏமாந்தேனோ.

பொழுது சாயும்போது ஏரியின் முகத்துவாரத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. பொதிகளையெல்லாம் கடலில் தள்ளிவிட்டு வெறும் படகை ஏரிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். போனவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்த அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரக்காயர் அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

அண்ணனின் உள்ளங்கைகள் தோலுரிந்து ரத்தமாயிருந்தன. நேரே என்னிடம் வந்தார். அறையப்போகிறார் என்று நினைத்தேன். அறைந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தாள்ல அஞ்சு நாள் இருக்குதுன்னியே. அப்போ இது இன்னா காத்துடா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அவ்வளவு அடிபட்டு வந்த பிறகும், தான் கடலைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்றுதான் அவருக்குச் சந்தேகம்.

"இதாண்ணே வாடை. நீ காலையில சொன்னதுதான் சரி," என்றேன். பிறகு அண்ணிக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான்தான் உன்னப் போவச் சொன்னேன். எனக்குக் கடலு தெரியாது."

அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.