கடைசிப் பெஞ்சில் எங்கள் அண்ணன்

ஓராண்டு கழிந்தும் எங்கள் அண்ணனை மறக்காமல் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் தோத்திரம்.

அச்சகத்துக்குப் போக இருந்த தாளில், அண்ணன் ‘சில காலம் சுகவீனமாக இருந்து’ மறைந்ததாக எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டேன். அண்ணனுக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். தெரிந்தபின் ஒன்றரை வருடம் அதோடு வாழ்ந்தார். அந்த நாட்களில் நோயைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பைவிட நம்மைப் பார்த்து வந்த அருவருப்புதான் அதிகம். ‘நம்மை’ என்பதில் நானும் சேர்த்திதான்.

அண்ணன் பிறந்தது சீவலப்பேரியில், வாத்தியார் வீட்டு மூத்த பிள்ளையாக. அப்பா இறந்ததும் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். மகா சுத்தக்காரர். ஆற்றில் குளித்துவிட்டு வந்தாலும் வீட்டில் இன்னொரு தடவை சோப்புப் போட்டால்தான் திருப்தி. காலரில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசல்படி தாண்டமாட்டார்.

அப்படிப்பட்டவர், மலத்தில் ரத்தம் போவதை யாரிடம் சொல்லுவார்? மூலம் என்று தானே முடிவுகட்டி, ஒரு வருடம் துத்தி இலையை வதக்கித் தின்றார். அண்ணியிடம்கூட வாய் திறக்கவில்லை. அலுவலகத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. மகள் ஒன்றாம் வகுப்பு.

அறுவைச் சிகிச்சை செய்து, வயிற்றில் துளையிட்டு, மலம் அந்த வழியாக வெளியேறப் பை ஒட்டிவிட்டார்கள். முதல் தடவை அந்தப் பையைக் கழற்றியபோது நான் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தால் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, எனக்கும் கொமட்டத்தான் செய்யுது. என் வயித்த விட்டுட்டு நான் எங்கன ஓட?” என்றார்.

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அந்த வயிறு நினைத்த நேரத்தில் சத்தம் போடும். அடக்க முடியாது. மகள் முதலில் பயந்தாள். “அதுக்குச் சத்தம் போடத்தான் தெரியும் பிள்ளே, நிப்பாட்டத் தெரியாது” என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரியவர்கள்தான் ஆரஞ்சுப் பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே “எப்படி இருக்க?” என்று கேட்டார்கள்.

எங்கள் சபைக் கோயிலில் நடந்த ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் மகள் வேதாகமச் சங்கீதம் ஒன்றை ஒப்பிக்க இருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் அண்ணனின் ஆசை. கீமோவின் களைப்போடு சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, ஒருமணி நேரம் முன்பே போய் இடம்பிடித்தார். சபைக் கமிட்டியில் இருக்கும் எங்கள் பெரியப்பா அருகில் வந்து குனிந்தார்கள்.

“ஏலே, பின்னால வாசப் பக்கம் போய் இரியேன். அங்கன காத்தோட்டமா இருக்கும். ஆளுக ஒரு மாதிரி நினைக்காவ.”

“சரி பெரியப்பா” என்று எழுந்தார். செருப்புகள் கிடக்கும் வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சுக்குப் பைய நடந்தார். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

மகள் மேடையேறி முன்வரிசையில் அப்பாவைத் தேடினாள். பாதியில் வரி மறந்து நின்றாள். அந்த அமைதியில் கடைசிப் பெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தலைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள்.

அவள் மைக்கில் சொன்னாள்: “அது எங்க அப்பா வயிறு. அதுக்குச் சத்தம் போடத்தான் தெரியும், நிப்பாட்டத் தெரியாது.”

பிறகு, அப்பா இருக்கும் இடம் தெரிந்துவிட்ட தைரியத்தில், கடைசிப் பெஞ்சைப் பார்த்தபடி மீதியை ஒரு பிழையுமில்லாமல் ஒப்பித்து முடித்தாள்.

அதன்பின் அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. நாலு மாதத்தில், மகளின் கை தன் வயிற்றின் மேல் கிடக்க, கண்மூடினார்.

முகம் சுளிக்காமல் பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மாவுக்கும், கீமோவுக்குப் போகும்போதெல்லாம் ஆட்டோவில் கூட்டிப்போய், வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத அண்ணாச்சிக்கும், அத்தனையையும் தன் கையால் கழுவிய அண்ணிக்கும் எங்கள் நன்றி.

அண்ணன் நினைவாகக் கோயிலில் முன்வரிசைக்குப் பெயர் பொறித்த பெஞ்சு ஒன்று கொடுக்கலாம் என்று பெரியப்பா சொல்கிறார்கள். கொடுப்போம். ஆனால் அதை வாசலை ஒட்டிப் போடுங்கள். முதல் ஞாயிறு அதில் நீங்கள் உட்கார வேண்டும், பெரியப்பா. பக்கத்தில் நான் உட்காருகிறேன். அண்ணன் மகள் முன்வரிசையில் இருக்கட்டும்.