சாம்பல் போட்டுத் தேச்ச சோலார்

எண்ணூர்ல எங்க குப்பத்துல எந்த வூட்டு வாசல்ல நின்னாலும் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். நாங்க அத்த பவர் ஹவுஸ்னுதான் சொல்லுவோம். பதினோரு வருஷமா அங்க சாம்பல் செக்‌ஷன்ல காண்ட்ராக்ட் வேலை பாக்கறேன். நிலக்கரி எரிஞ்சி மிஞ்சற சாம்பல தண்ணில கலக்கி குழாய்ல அனுப்புவாங்க. அந்தக் குழாய் எங்க ஒடையுதோ அங்க போயி அடைக்கிறது என் வேலை. எங்க நைனா வலை போட்டாரு. ஆத்துல மீனு கொறைஞ்சதும் நான் குழாய்க்கு வந்துட்டேன். அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. மெட்ராஸுக்கே லைட்டு நம்ம கையாலதான் எரியுதுன்னு தோஸ்துங்ககிட்ட உதாரு வேற வுட்டுக்கினு இருந்தேன்.

என் பொண்ணுக்கு நாலு வயசுல இழுப்பு வந்துச்சு. இப்ப ஏழு. மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குக் கீழ ஒரு குழி வுழும். பெத்த புள்ளைக்கு அந்தக் குழி வுழுறத பாத்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். மருந்த ஆவியாக்கி மூக்குல வுடற மிஷின் ஒண்ணு வாங்கி வூட்லயே வெச்சுக்கச் சொன்னாரு டாக்டரு. சாம்பலாலதான் இழுப்பு வருதான்னு கேட்டேன். அவரு என் சட்டைய பாத்துட்டு எங்க வேலைன்னாரு. சொன்னேன். அப்பால மருந்து எழுத ஆரம்பிச்சுட்டாரு.

மிஷின் கரண்ட்ல ஓடறது. எங்க பக்கம் பெருசா காத்தடிச்சா கரண்ட் பூடும். உப்புக் காத்துல ஒயரு பொரிஞ்சி போயிருக்கும். பவர் ஹவுஸ் பக்கத்துலயே குந்திக்கினு கரண்டுக்குக் காத்துக் கெடக்கற பொழப்பு, சொன்னா சிரிப்பாங்க.

போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. இழுப்புக்காரப் புள்ளைங்க இருக்கற வூடா பாத்து கூரை மேல ஒரு சோலார் பேனலும் உள்ள ஒரு பேட்டரியும் வெச்சிக் குடுத்தாங்க. என் பொண்டாட்டி காலடிப்பேட்டையில மீனு விக்கறவ, யாரையும் லேசுல நம்ப மாட்டா. அவளே அன்னிக்கு அந்தம்மாவுக்கு வஞ்சிரம் பொரிச்சிப் போட்டா. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. எங்க பவர் ஹவுஸ் மழை வெயில் பாக்காம ஓடும், உங்க சூரியன் ஒரு மேகம் வந்தா வூட்டுக்குப் பூடுமேன்னு கேட்டேன். அந்தம்மா கோச்சுக்கல. நெசந்தான், அதுக்குத்தான் பேட்டரி, வெயில் வந்ததும் திரும்ப ரொப்பிக்கும், ஆனா இதுல சாம்பல் இல்ல, பொகை இல்லன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி ஈரத்துணில தொடைக்கச் சொல்லிட்டுப் போனாங்க.

வாரத்துக்கு ரெண்டு வாட்டியாம்! எங்க ஊர்ல இன்னிக்குத் தொடைச்சா நாளைக்கு மேல பவுடர் போட்டாப்பல சாம்பல் நிக்கும். பனி பேஞ்சா அப்டியே காஞ்சி ஒட்டிக்கும், துணிக்கு அசையாது. நீ வேலை செய்யற எடம் என் கூரைக்கே வந்துடுச்சு பாருன்னு பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா. அந்தக் கடுப்புலதான் நான் அந்த வேலையப் பண்ணேன்.

எங்க குப்பத்துல சாம்பலு வூட்டுச் சாமான் மாதிரி. வெலாங்கு மீனு கையில வழுக்கும், சாம்பல் தொட்டுக்கினுதான் புடிச்சி அறுப்போம். அலுமினியக் குண்டான சாம்பல் போட்டு தேங்கா நார்ல தேச்சா புதுசு மாதிரி வரும். நானே மூட்டைல கொண்டாந்து தெருவுக்கே குடுப்பேன். அதே சாம்பல அதே நார்ல தொட்டு ஒரு ஞாயித்துக்கெழம பேனல தேச்சேன். பளிச்சுன்னு ஆயிடுச்சு. அதுலேர்ந்து ஞாயிறு தப்பாம ஆறு மாசம் தேச்சேன். பொண்ணு கீழ நின்னுக்கினு, மூஞ்சி தெரியுதா நைனான்னு கேப்பா. தெரியுதும்மான்னுவேன். போவப் போவ தெரியல. பழைய சோடா பாட்டிலு மாதிரி கண்ணாடி மங்கிக்கினே வந்துச்சு. அந்தம்மா அப்பால வந்து பாத்துட்டுத்தான் சொன்னாங்க, கண்ணாடி பூரா கீறல், தேச்ச தேப்புல ஓரத்துப் பசையும் பேந்து உப்புத்தண்ணி உள்ள பூந்துடுச்சுன்னு. எனக்கு அப்ப எங்க தெரிஞ்சுது? பேட்டரில பச்சை லைட்டு முன்ன பதினோரு மணிக்கே எரியும். அப்பால சாயங்காலம் ஆச்சு. இந்த சோலாரே ஒரு டுபாக்கூருன்னு அத்தத்தான் திட்டினேன். என் கை மேல எனக்கு சந்தேகமே வரல.

கார்த்திகையில புயல் வந்துச்சு. ரெண்டு நாள் மழை, கரண்ட் இல்ல. பேட்டரில இருந்தது மொத நாளே தீந்துச்சு. மூணாம் நாள் காலைல வானம் கழுவி வுட்டாப்பல இருந்துச்சு, வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. அப்பாடா, இனி ரொம்பிக்கும்னு நெனச்சேன். பத்து மணிக்குப் பொண்ணுக்கு இழுப்பு வந்துச்சு. பொண்டாட்டி மருந்த ஊத்தி மாஸ்க்க வெச்சா. மிஷின் ஒரு நிமிஷம் ஓடிச்சு, முனகிச்சு, நின்னுடுச்சு.

கூரைக்கு ஓடினேன். அவ்ளோ வெயில்லயும் பேனலு வெள்ளையா, செத்த மீனு கண்ணு மாதிரி கெடந்துச்சு. கண்ணாடியே வெளுத்துக் கெடக்குன்னு கத்தினேன். கீழேர்ந்து பொண்டாட்டி கேட்டா.

"இத்த இன்னாத்தாலய்யா தேச்ச?"

"சாம்பல்."

அவ கத்தியிருந்தா எனக்குத் தாங்கியிருக்கும். நான் எறங்கினதும் புள்ளைய தூக்கி என் தோள்ல போட்டா. அந்த நெஞ்சு என் முதுகுல கெடந்து அடிச்சிக்குது.

திருவொத்தியூர் ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்ல இடுப்பளவு தண்ணி, ஒரு ஆட்டோ இல்ல. எந்த நேரத்துலயும் கரண்ட் இருக்கற எடம் எனக்கு ஒண்ணுதான் தெரியும். மிஷின பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பொண்டாட்டி தலைமேல வெச்சிக்கினா. பவர் ஹவுஸ் கேட்டுக்கு நடந்தோம், முட்டி வரைக்கும் சாம்பல் சேறு. காலு வழுக்கி ஒரு எடத்துல வுழப் பாத்தேன். சாமியெல்லாம் கூப்ட்டேன், பொய் சொல்லல.

கேட்ல எம்.கே.பி. நகர்லேர்ந்து வர்ற செக்யூரிட்டி நின்னாரு, தெனம் என்கூட டீ குடிக்கற மனுஷன். வெளி ஆளுங்கள உள்ள வுட்டா அவருக்கு வேலை பூடும். புள்ளையோட கழுத்த பாத்தாரு.

"உள்ள இட்டா. எவன் கேட்டாலும் நான் பேசிக்கறேன்."

அவரு ரூம்ல பட்டப்பகல்ல டியூப்லைட் எரிஞ்சிக்கினு இருந்துச்சு, ஃபேன் சுத்திக்கினு இருந்துச்சு. பிளக்க சொருகினதும் மிஷின் கொர்ருன்னு ஓடிச்சு. மாஸ்க்குள்ள வெள்ளையா ஆவி ரொம்பிச்சு. நான் புள்ளையோட கழுத்த மட்டும் பாத்துக்கினு இருந்தேன். குழி ஆழமா வுழுந்துச்சு, அப்பால கொஞ்சம் மேலாப்பல வுழுந்துச்சு, அப்பால வுழல. செவுத்த புடிச்சிக்கினு அழுதேன். ஜன்னலுக்கு அந்தாண்ட எங்க சாம்பல் குழாய் போவுது. புள்ளைக்கு மூச்சு குடுத்த கரண்ட கும்புடறதா, அந்த மூச்ச கெடுத்த சாம்பல காறித் துப்பறதா? ரெண்டும் ஒரே அடுப்புலேர்ந்துதான வருது. இத்தினி வருஷம் சம்பளம் வாங்கின என்னை இன்னா பண்றது?

பொண்ணு மாஸ்க்க கொஞ்சம் எறக்கினா. மூஞ்சில களை திரும்பியிருந்துச்சு. டியூப்லைட்ட பாத்தா, என்னைப் பாத்தா.

"நைனா, இங்க மூச்சு நல்லா வருது. நாம இங்கயே வந்துடலாமா?"

பொண்டாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா. நான் மாஸ்க்க மூக்குமேல ஏத்தி வெச்சி, பேசாம இழு கண்ணுன்னேன்.