ஒற்றுமைக்கு மார்க்

நான் மருத்துவச்சியாக இருந்த ரப்பர் தோட்டத்தில், பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு முறை இருந்தது. முதலில் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். தோட்டத்து டாக்டர் ஐயா அதைக் கேட்டுத் துண்டுச் சீட்டு எழுத வேண்டும். துண்டைப் பார்த்து ஆபீசிலிருக்கும் பெரிய கிளாக்கர் லொறிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இருந்தது ஒரே லொறி. ரப்பர் பால் ஏற்றுவதுதான் அதன் வேலை. டாக்டர் ஐயாவோ பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்து டாக்டர். அவர் அங்கே போயிருந்தால் துண்டு கிடையாது, துண்டில்லாமல் லொறி கிடையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்களிடம் பூசாரிகள் மட்டுமே இருந்தார்கள்.

மேல் டிவிசனில் பால் வெட்டும் பெண் ஒருத்தி. முதல் பிரசவத்தில் வலி வருமுன்னே இரத்தம் போகத் தொடங்கி, துண்டுக்கு ஆள் ஓடி, லொறி வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. அவள் பிழைத்ததே பெரிய காரியம். அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். வயிற்றைப் பார்க்க நான் அவள் குடியிருந்த லயத்துக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ லொறி வந்துருமாம்மா?"

பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கிற வயது அவளுக்கு. லொறியைப் பற்றிக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு சிங்களத்து அம்மா, நோனா என்போம், வரப்போவதாகச் செய்தி வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, தோட்டத்தை நடத்தச் சிங்களத் துரை ஒருவர் வந்திருந்த காலம் அது. டாக்டர், மருத்துவச்சி, வாத்தியார், தொழிலாளர் நலனைப் பார்க்கும் நலன்புரி ஐயா என்று வெவ்வேறு வேலைக்காரர்கள் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அந்த நோனா அளக்கப் போகிறாராம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் ஒத்துழைப்பே இல்லை, ஐந்து என்றால் குறையே இல்லை.

முதல் நாள் பெரிய கிளாக்கர் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வர்ற நோனா நமக்கு மார்க் போடப் போறாங்க. யாரும் யாரையும் விட்டுக் குடுத்துறாதீங்க. எல்லாத்துக்கும் அஞ்சுன்னு சொல்லிருங்க."

"நம்ம ஸ்கூல்ல ஒரு பயலும் இம்புட்டு மார்க் வாங்குனதில்லீங்களே ஐயா" என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள்.

"லொறிக்கும் அஞ்சுதானுங்களா?" என்று கேட்டேன்.

"வீட்டுச் சண்டைய வெளியாளுகிட்ட சொல்லுவீங்களாம்மா?" என்றார் கிளாக்கர். அவர் கெட்டவர் இல்லை. வெளியிலிருந்து யார் வந்தாலும் அது பரிசோதனை, குறை சொன்னால் யாருக்காவது வேலை போகும் என்றுதான் அவருக்குத் தெரியும். அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் எல்லோரும் ஐந்து சொன்னார்கள். என் முறை வந்ததும் நான் ஒன்று என்றேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் வளர்ந்தவள் நான். துண்டு, லொறி, செத்துப்போன பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவச்சியின் வாய்ச்சொல் போதும், லொறியை எடுக்கலாம் என்று ஆக்கித் தரும்படி கேட்டேன். நோனா "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்பதாக, தலையாட்டி எழுதிக்கொண்டார். நல்ல முகம் அவருக்கு. அன்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

அவர் எழுதியனுப்பியதைத் துரை எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். இந்தத் தோட்டத்தில் ஒத்துழைப்பு மிக நன்றாக இருக்கிறதாம். ஒருவர் மட்டும் மற்றவர்களோடு ஒட்டாமல் இருக்கிறாராம். பெயர் இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

லொறியைப் பற்றி எழுதவில்லையா என்று கேட்டேன். அத்தனை பேரும் நன்றாக நடக்கிறது என்னும்போது ஒருவர் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்றார் துரை. அதோடு விடவில்லை. இவ்வளவு ஒற்றுமையை வீணாக்கக் கூடாதாம். இனிமேல் நோயாளியை அனுப்புவதைக் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், துண்டில் நலன்புரி ஐயாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிறகு டாக்டர் ஐயாவிடம் தனியாகப் போய், கையெழுத்துப் போட்ட துண்டு ஒன்றை முன்கூட்டியே என்னிடம் கொடுத்து வைக்கக் கேட்டேன்.

"அது முறையில்லீங்களே. மொதல்லயே பேரு கெட்டுக் கெடக்கு ஒங்களுக்கு" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

மேல் டிவிசன் பெண்ணுக்குப் பால் நிறுக்கும் நேரத்தில் இரத்தம் போகத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்து, அவள் புருஷனை மருந்துச்சாலைக்கு ஓடச் சொன்னேன். டாக்டர் ஐயா இருந்தார். கேள்வி கேட்காமல் எழுதினார். நலன்புரி ஐயா குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தலையோடு வந்து கையெழுத்துப் போட்டார். கிளாக்கர் துண்டைப் பார்த்ததும் லொறிக்கு ஆள் விட்டார். டிரைவர் பாதி ஏற்றிய பாலை இறக்கிவிட்டு வந்தார். ஒருவர்கூட மறுக்கவில்லை, ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் மருந்துச்சாலை ஓர் ஏற்றத்தில், நலன்புரி ஐயாவின் குவாட்டர்ஸ் இன்னோர் ஏற்றத்தில், ஆபீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவன் ஓடிக்கொண்டே இருந்தான். நான் துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தெஹியோவிட்ட கடைத்தெருவுக்கு முன்னாலேயே, லொறியில் என் மடியில் அவள் அடங்கிவிட்டாள். பிள்ளையும் அவளோடு போனது.

கருமாதி முடிந்து அவள் புருஷன் வெற்றிலைத் தட்டோடு ஆபீசுக்கு வந்தான். நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம். ஒவ்வொருவருக்கும் வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தான். டாக்டர் ஐயா தரையைப் பார்த்தார். கிளாக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றான்.

"நீங்க எல்லாருமா ஒத்துமையா நின்னு செஞ்சீங்கம்மா. ஒருத்தரையும் கொற சொல்ல முடியாது. அவளுக்குத்தான் குடுத்து வைக்கல."

திட்டுடா, எங்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்துத் திட்டு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வெற்றிலையை வாங்கிக்கொண்டேன்.