பிரிக்காமல் வைத்த கடிதம்

எங்கள் குடும்பத்துக் கடிதங்கள் மாட்டுக் கொட்டகையில் இருந்தன. வீட்டுக்குள் பீரோ இருந்தது, சாமி மாடம் இருந்தது. ஆனாலும் அவை கொட்டகை விட்டத்தில், மூங்கில் குழாய்க்குள் தொங்கின. செத்தவர் சம்பந்தப்பட்ட காகிதம் கூரைக்குள் தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாவுச் செய்தி வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இந்தக் கடிதங்களைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. உள்ளே கொண்டுவரத் தைரியமும் வரவில்லை. அதனால் நூறு வருஷமாக மாடுகள் அவற்றைக் காவல் காத்தன.

எழுதியவர் அப்பாவின் கொள்ளுத்தாத்தா. தாது வருஷப் பஞ்சத்தில் அண்ணன் பொறுப்பில் மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு, மோரீசுத் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவர். மொத்தம் ஆறு கடிதங்கள். ஐந்தின் மூலைகளில் மஞ்சள் தடவிய கறை இன்னும் இருந்தது. புரட்டாசி அமாவாசைப் படையலுக்கு முன் அப்பா அந்த ஐந்தையும் எடுத்துச் சத்தமாகப் படிப்பார். புள்ளி வைக்காத எழுத்து, வார்த்தைக்கு நடுவே இடம் விடாத வரிகள். அப்பாவின் விரலையே பார்த்துப் பார்த்து, ஐந்தாம் வகுப்பு வருவதற்குள் எனக்கும் அந்த எழுத்து பிடிபட்டிருந்தது.

அவற்றில் கப்பல் இருக்கும். கறுத்த தண்ணீர் இருக்கும். ஒரே அறையில் படுக்கும் ஐந்து பேர், வாரத்துக்கு அளந்து போடும் அரிசியும் பருப்பும், கையை அறுக்கும் கரும்புச் சோகை. ‘இவ்விடம் மூன்று வேளையும் அரிசிச் சோறு. உங்களை நினைத்தால் கவளம் தொண்டையில் நிற்கிறது. இன்னமும் கற்றாழைக் கிழங்குதான் தின்கிறீர்களா, ஏரிக்குத் தண்ணீர் வந்ததா, எழுதவும்’ என்று ஒரு கடிதம் கேட்கும். இன்னொன்றில், ‘இங்கே எனக்கு நம்பர்தான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவருமில்லை’ என்று வரும். அந்த இடத்தில் அப்பா குரலைச் செருமிக்கொள்வார். எங்களுக்குச் சுண்டல் எப்போது கிடைக்கும் என்பதுதான் கவலை.

ஆறாவது கடிதத்தை யாரும் பிரித்ததில்லை. அவர் வேலை செய்த கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர், அவர் ஜுரத்தில் போய்விட்டதாகச் சொன்னாராம். வீட்டில் அழுது, மனைவியின் தாலியை வாங்கி, கருமாதியும் முடித்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு வண்டிக்காரர் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். கருமாதி முடிந்தவனிடமிருந்து கடிதம்! காக்கை பிண்டத்தை எடுத்த பிறகு எழுதுகிறவன் மனுஷனாக இருக்க முடியாது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். பிரித்தாலும் ஆபத்து, எரித்தாலும் ஆபத்து. குழாய்க்குள் போட்டு மூடினார்கள்.

நான் சொல்ல வந்த புரட்டாசியில் அந்த ஐந்தைப் படிக்கக்கூட ஆண்பிள்ளை இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் சாலை மறியல் செய்த வாரம் அது. புளிய மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. பஸ் சத்தம் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பகலிலேயே காது இரைந்தது. ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் நாய்கள் குரைத்தன. கையில் கிடைக்கிற ஆம்பளையை எல்லாம் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது என்று, அப்பா உட்பட எல்லாரும் சோளக் கொல்லைகளிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் பதுங்கியிருந்தார்கள்.

சித்தப்பா மறியலுக்குப் போனவர், போனவர்தான். ஐந்தாம் நாள் பால்காரர் வந்து, துப்பாக்கிச் சூடு நடந்ததென்றும் நீலக் கைலி கட்டிய ஒருவர் விழுந்துவிட்டாரென்றும் சொன்னார். சித்தப்பா கட்டிக்கொண்டு போனது நீலக் கைலி.

மறுநாள் அமாவாசை. முன்னோருக்கு எத்தனை இலை போடுவது என்பதில் வீட்டில் சண்டை வந்தது. அப்பாவுக்கு மூத்தவரான பெரிய அத்தை, ஒரு இலை கூடுதலாகப் போடச் சொன்னார்.

“பொழைச்சிருந்தா நல்லதுதான். இல்லன்னா பசியோட அலைவான்டி. ஒரு இலை போட்டா இன்னா கொறைஞ்சி பூடும்?”

“இலை போட்டா நம்மளே சாவடிச்ச மாதிரி, அண்ணி. உங்க தம்பிக்கு நீங்களே கொள்ளி வெக்கிறீங்களா?” என்றாள் சின்னம்மா. சித்தப்பாவைக் கல்யாணம் செய்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

“வாய அடக்குடி. எனக்கு மட்டும் ஆசையா?”

அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். “அவரு வரட்டுமே, கேட்டுக்குனு செய்யலாம்.”

“அவரு எங்க வராரு? எந்தச் சோளக் கொல்லையில கொசுவுக்கு ரத்தம் குடுத்துக்கினு கீறாரோ” என்றார் அத்தை. அந்த நிலையிலும் அம்மா சிரித்துவிட்டாள். சின்னம்மா சிரிக்கவில்லை.

மத்தியானம் அவள் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாட்டுக்குத் தீனி போடும் கவணைமேல் ஏறிக் குழாயை இறக்கினாள்.

“பாப்பா, உனக்கு இந்த எழுத்து வரும் இல்ல?”

“வரும்.”

“அந்த ஆறாவதப் படி.”

“ஐயோ, அது கூடாது சின்னம்மா.”

“செத்துட்டாருன்னு எல்லாரும் முடிவு பண்ண ஆளு இன்னா எழுதினாருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். நான் படிக்கத் தெரியாதவ. நீதான் படிக்கணும்.” அவள் கை என் தோளில் இருந்தது. வலித்தது என்று நினைக்கிறேன். அல்லது பிற்பாடு நான் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

அவள்தான் பிரித்தாள். காய்ந்த பசை சருகு மாதிரி உதிர்ந்தது. மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டதாக எனக்குத் தோன்றியது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பல தடவை யோசித்து, இதுதான் அதில் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிற வரிகளை மட்டும் எழுதுகிறேன்.

‘அண்ணாவுக்குத் தம்பி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. நான் பட்டணத்தில் கப்பலை விட்டு இறங்கி நடந்தே வந்தேன். பொழுது ஏறி ஏரிக்கரை வந்து சேர்ந்தபோது சனம் கூடியிருந்தது. யாருக்கு என்று அங்கே நின்ற ஒரு வண்டிக்காரரைக் கேட்டேன். மோரீசுக்குப் போனவனுக்குக் கருமாதி என்றார். பனைக்குப் பின்னே நின்று பார்த்தேன். மகன் தலை மழித்திருந்தான். அவள் கழுத்தையும் பார்த்தேன். எனக்கு வைத்த சோற்றைக் காக்கை எடுத்ததையும் என் கண்ணாலே பார்த்தேன். காக்கை எடுத்த பிறகு நானாக வீட்டுக்குள் வருவது குடும்பத்துக்கு ஆகாது. சங்கராபுரம் சந்தையிலே இருந்துகொண்டு இதை எழுதுவிக்கிறேன். அமாவாசை தொட்டு மூன்று நாள் பொழுது சாய அதே பனையண்டை நிற்பேன். வீட்டு மனுஷர் யாராகிலும் பேர் சொல்லி ஒருதரம் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வந்த வழியே போகிறேன். ஒருவர்மேலும் வருத்தமில்லை.’

அதன் கீழே அவர் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. நான் இப்போது படித்தவள்தான், இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய்தான். ஆனாலும் எழுதத் தோன்றவில்லை.

சின்னம்மா அழவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துவந்து, நசுக்கி, கடிதத்தைப் பழையபடி ஒட்டிக் குழாயில் போட்டாள். “யார்கிட்டயும் சொல்லாத” என்றாள். பிறகு அத்தையிடம் போனாள்.

“அண்ணி, அவருக்கு இலை போட்டீங்கன்னா நான் அந்த இலைய எடுத்து மாட்டுக்குப் போட்டுடுவேன். சொல்லிட்டேன்.”

அவள் அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் படையலில் இலை கூடவில்லை. ஆம்பளை இல்லாத அந்தப் படையலில் ஐந்து கடிதங்களையும் நான்தான் படித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கன்றுக்குட்டியைப் பிடித்துவர அனுப்பினாள். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் நின்றால் ஏரிக்கரை தெரியும். கடிதத்தின் காலத்தில் கரையில் நிறையப் பனைகள் இருந்திருக்கும். எங்கள் காலத்தில் ஒன்றுதான் மிச்சம். மலைக்குப் பின்னே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒற்றைப் பனைக்கு அருகில் ஓர் ஆள் நின்றார். தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார். முகம் இருட்டாக இருந்தது. அசையாமல் எங்கள் வீட்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிரித்துவிட்டோம், அதனால் வந்துவிட்டார். அவர் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒருதரம் சொன்னால் போதும், கரையிறங்கி வந்துவிடுவார். நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்படியே பின்பக்கமாக நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கன்றுக்குட்டி எங்கே என்று அம்மா கேட்டதற்கு, ஜீப் சத்தம் கேட்டது என்று பொய் சொன்னேன்.

மறுநாளும் அதே பொழுதில் நின்றார். கதவிடுக்கில் பார்த்தேன். அவர் ஒரு கையைப் பாதி தூக்கியதுபோல் இருந்தது. நான் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். சின்னம்மா அடுப்படியில் இருந்தாள். அவளிடம் சொன்னால் அவள் போய்க் கூப்பிட்டுவிடுவாள் என்ற பயத்தில், புகைக்குள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. மூன்றாம் நாள் கரையில் யாரும் இல்லை. நான் குடும்பத்தையே காப்பாற்றிவிட்டதாக நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

மறியல் முடிந்து, அப்பா முகமெல்லாம் கொசுக்கடியோடு வந்து சேர்ந்த பிறகு சேதி தெரிந்தது. சித்தப்பா உயிரோடு இருந்தார். வெள்ளிமலைக்குப் போகிற வழியில், மலை ஏறும்போது பிடித்துவிட்டார்கள். ஜெயிலில் இருந்தார். வீட்டுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. வந்தபோது இடது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. எப்படி என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வந்த அன்று எல்லாரும் சுற்றி உட்கார, சின்னம்மா சோறு போட்டாள். அத்தை அவர் முதுகைத் தடவியபடியே திட்டினார். “உனக்கு இலை போடப் பாத்தேன்டா பாவி! உன் பொண்டாட்டி என்னத் தின்னுட்டா.”

சித்தப்பா சிரித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

“அண்ணா, நம்ம பாப்பா எம்மாங் கெட்டி தெரியுமா? ரெண்டு நாளு மலையிலேருந்து இறங்கி ஏரிக்கரை வரைக்கும் வந்தேன். வூட்டுல போலீஸ் கீதான்னு தெரியல. பாப்பா என்னப் பாத்துச்சு. டக்குனு வாயப் பொத்திக்கினு, வராதன்னு ஜாடை காட்டிட்டு உள்ள பூடுச்சு. ரெண்டு நாளும் அதே ஜாடை. அதான் திரும்பிட்டேன். இல்லன்னா வூட்டுலயே வெச்சி அமுக்கியிருப்பானுங்க.”

“அட!” என்றார் அப்பா. என் தலையில் கை வைத்தார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. பத்து வயதில் இப்படி ஒரு புத்தியா என்று அத்தை திருஷ்டி கழித்தார். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் போலீஸ் இல்லை. ஊரிலேயே இல்லை. யாருக்கும் அது அப்போது நினைவுக்கு வரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

சின்னம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

“எந்த எடத்துல நின்னீங்க?”

“அந்த ஒத்தப் பனையாண்ட.”

அவள் என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள் என்றே நினைவு. அவளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. வாயைத் திறக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“சோறு ஆறுது, துன்னுங்க” என்றாள்.

அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் எதையும் படிக்கக் கொடுக்கவில்லை. அவள் அண்ணனிடமிருந்து வரும் இன்லேண்ட் கடிதத்தைக்கூட, வெயிலில் நின்று தபால்காரரையே படித்துக் காட்டச் சொல்வாள். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினால், “நீ போயி விளையாடு பாப்பா” என்பாள். சித்தப்பாவால் கை தூக்க முடியாமல் போனதற்காக என்மேல் தீராத கோபம் என்றுதான் பல வருஷம் நம்பினேன். அந்தக் கோபம், பத்து வயதுப் பிள்ளையை அந்தக் கடிதத்தைப் படிக்க வைத்த தன்மேல்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஒரு குழந்தை பிறக்க வேண்டியிருந்தது.