எர்த் குழிக்கு ஊற்றாத தண்ணீர்

போன வருடம் ஆடி மாதம், கோவில்பட்டியில் நான் அட்டெண்டராக வேலை பார்க்கும் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் நடந்தது இது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

விளாத்திகுளம் வரை போய் எடுத்து வரும் வீடியோக்களை வைக்க இடம் போதவில்லை. அதனால் மூன்று கணினிகளைச் சேர்த்து ஒரே கிடங்கு போல வேலை செய்ய வைக்கும் மென்பொருளைப் போட முடிவானது. ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டில் படம் பத்திரமாக இருக்குமாம். அதற்கு என்னென்ன வேண்டும் என்று மதுரைக் கம்பெனி இரண்டு பக்கப் பட்டியல் அனுப்பியிருந்தது. மூன்றும் ஒரே மாதிரி கணினி, ஒவ்வொன்றிலும் நாலு டிஸ்க், இரண்டு நெட்வொர்க் கார்டு என்று போய், கடைசி வரியில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க நல்ல எர்த் வேண்டும் என்றிருந்தது. எங்கள் எடிட்டிங் மேடம்தான் ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்கினார்.

எர்த் குழாயை மார்கழியிலேயே பின்பக்கம் குழி தோண்டி இறக்கியிருந்தார்கள். வெயிலில் கரிசல் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும், வாரம் நாலு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் என்னிடம் சொல்லிப் போனார். பங்குனி வரை ஊற்றினேன். அப்புறம் தண்ணீர்க் கஷ்டம் வந்தது. இருக்கிற தண்ணீரை மண்ணில் கொட்டுவதா என்று நானாகவே நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு நாள் முயன்றார். மென்பொருள் பாதி ஏறுவதற்குள் மூன்றில் ஏதாவது ஒன்று தானாக அணைந்து எழுந்தது. வாங்கிய சாமான் சரியில்லை போலிருக்கிறது என்றார். முதலாளி மேடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, படிச்ச பிள்ளைன்னு நம்பி விட்டா மூணு சண்டி மாட்டையில்லா வாங்கி வச்சிருக்க?"

சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மேடம் பட்டியலை மறுபடி முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் தூசி துடைக்கப் போனேன். கணினியின் தகரப் பெட்டியில் புறங்கை பட்டதும் சுருக்கென்றது. எர்த் குழி ஞாபகம் வந்தது. பின்பக்கம் ஓடிப் பார்த்தால், குழாயைச் சுற்றி நாலு விரல் நுழையும் அளவுக்கு மண் விலகிக் கிடந்தது.

சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயம். திரும்பி வந்து அறை வாசலிலேயே நின்றேன். மேடத்தின் விரல் இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது எப்படியோ சொல்லிவிட்டேன்.

"மேடம், குழிக்கு நான் தண்ணி ஊத்தல. நாலு மாசமாச்சு."

இன்ஜினியர் குழாயில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எர்த் பிடிக்காமல்தான் மிஷின் அணைகிறது என்று தலையில் கை வைத்தார். மேடம் பட்டியலை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "இப்பமாவது சொன்னியளே அண்ணாச்சி. வாளிய எடுங்க" என்றார்.

மூன்று பேருமாக வெடிப்பில் உப்பும் கரியும் மண்ணும் போட்டு நிரப்பித் தண்ணீர் ஊற்றினோம். முதல் ஏழெட்டு வாளி போன இடமே தெரியவில்லை. "நான் சாப்ட்வேர் போட வந்தேனா, கெணறு வெட்ட வந்தேனா?" என்று இன்ஜினியர் அலுத்துக்கொண்டாலும் வாளியைக் கீழே வைக்கவில்லை. மண் ஈரம் பிடிக்கப் பிடிக்க, மீட்டரில் எண் இறங்க வேண்டிய அளவுக்கு மெல்ல இறங்கியது. சாயங்காலம் மூன்று கணினிகளும் அணையாமல் நிற்க, மென்பொருள் முழுதாக ஏறியது.

முதலாளி வந்து, எர்த்தைக் கவனிக்காமல் விட்டது யார் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டார்.

"மார்கழியில அளந்ததோட விட்டுட்டேன் சார். மிஷின் வந்தப்ப திரும்ப அளந்திருக்கணும். என் தப்புதான்."

ஏற்கெனவே என்னால் பேச்சு வாங்கியவர் அவர். "இல்ல மொதலாளி, நான்தான் ஊத்தல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நல்லா சேந்திய போங்க" என்று உள்ளே போய்விட்டார். அதோடு சரி.

அந்தப் பட்டியல் இப்போது கணினி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே மேடம் பேனாவால் எழுதியிருக்கிறார்: 'சனிக்கிழமை குழிக்கு நாலு வாளி - அண்ணாச்சி.' நான் தவறவிட்ட வேலையையே நம்பித் திரும்ப என் கையில் கொடுத்த அந்த வரியை, கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு முறை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.